‘செக் பவுன்ஸ் பார்ட்டி’ என்று எழுதியவருக்கும், அதற்குக் கட்டைவிரல் தூக்கிய பதினோரு பேருக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், தன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவனைப் பற்றி, "அவன் செக் பவுன்ஸ் பார்ட்டி, சீட்டுல சேர்க்காதீங்க" என்று எழுதினார். பதினோரு பேர் ஆமாம் போட்டீர்கள். அவனும் அதே குரூப்பில்தான் இருக்கிறான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்கு வந்து என் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். "சார், நான் யாரையும் ஏமாத்தலை சார்" என்பதையே நாலு தடவை சொன்னான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

துவாக்குடிப் பக்கம் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறான். ஒன்பது பேருக்கு வேலை கொடுக்கிறான். ஒரு பெரிய கம்பெனிக்கு வேலை முடித்துக் கொடுத்து மூன்று மாதம் ஆகியும் பணம் வரவில்லை. அதை நம்பி இரும்பு வாங்கிய கடைக்கு 1,40,000 ரூபாய்க்குச் செக் கொடுத்திருந்தான். அது திரும்பியது. முன்பெல்லாம் செக் போட்டால் கணக்குக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் புரட்டிவிடலாம். 2025 அக்டோபர் 4 முதல் காலையில் போட்ட செக் அன்றைக்கே பாஸ் ஆக வேண்டும், இல்லையென்றால் திரும்ப வேண்டும். அந்த அவகாசமும் போய்விட்டது.

இனி கணக்கு. கரும்பலகையைப் பாருங்கள். செக் திரும்பியதற்கு வங்கி 500 ரூபாய். அதே வாரம் மெஷின் கடன் தவணை 18,400 பிடிக்க வந்து, பணமில்லாமல் திரும்பியது. அதற்கு ஒரு 500. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு 500. மனைவியிடம் வாங்கி 18,500 ரூபாய் கணக்கில் போட்டான். வங்கி முதலில் தன் பாக்கி 1,000 ரூபாயை எடுத்துக்கொண்டது. மிச்சம் 17,500. தவணை மறுபடி வந்தது. 900 ரூபாய் குறைந்ததால் மறுபடி திரும்பியது. வங்கிக்கு இன்னொரு 500, கடன் கம்பெனிக்கு இன்னொரு 500. இரும்புக் கடைக்காரருடைய வங்கி அவரிடம் பிடித்த 150-ஐயும் இவன்தான் கொடுத்தான். மொத்தம் 2,650 ரூபாய். இதில் ஒரு ரூபாய்கூடக் கடனில் கழியவில்லை. பணம் இல்லை என்பதற்காகப் பணம் பிடித்தார்கள். பிடித்ததால் மறுபடி பணம் இல்லாமல் போனது. முப்பத்து நாலு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் சொல்கிறேன், இந்தக் கணக்கை எந்த விடைத்தாளிலும் நான் சரி போடமாட்டேன்.

"செக் கொடுத்தால் காசு வைத்திருக்க வேண்டாமா சார்?" என்பீர்கள். வேண்டும். இரும்புக் கடைக்காரரும் சின்ன மனிதர்தான். அவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள் பணம் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால்தான் வழக்கு, இரண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். இவன் ஒன்பதாம் நாளே பணத்தைக் கட்டி, ரசீது வாங்கி, செக்கையும் திரும்ப வாங்கிவிட்டான். சட்டமே மன்னிக்கிற இடத்தில் நீங்கள் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

இவனுக்குப் பணம் தராத பெரிய கம்பெனிக்கு என்ன ஆனது? சிறு தொழில் சட்டம் 2006-ஆம் வருஷத்திலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுக்கச் சொல்கிறது. தாமதித்தால் வட்டி, அவ்வளவுதான்; ஜெயில் கிடையாது. அந்த வட்டியையும் இவன் கேட்கமாட்டான். கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. ஆக, தாமதத்தை ஆரம்பித்தவர் மரியாதையாக இருக்கிறார், கடைசியில் கையெழுத்துப் போட்டவன் ‘பார்ட்டி’ ஆகிறான். உச்ச நீதிமன்றம் முன் வந்த கணக்குப்படி, 2019 கடைசியில் நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் சுமார் 35 லட்சம் செக் வழக்குகள். இத்தனை லட்சம் பேரும் மோசக்காரர்களா?

அடுத்து, சிபில். செக் திரும்பினால் சிபில் போய்விடும் என்று குரூப்பில் ஒருவர் பயமுறுத்தினார். தப்பு. கடைக்காரருக்குக் கொடுத்த செக் திரும்பினால் அது சிபில் அறிக்கையில் ஏறாது. அடிக்கடி திரும்பினால் உங்கள் வங்கி செக் புத்தகம் தர மறுக்கலாம். அது அந்தந்த வங்கியின் விதி. சிபிலில் ஏறுவது கடன் தவணையும் கிரெடிட் கார்டு பாக்கியும் எத்தனை நாள் தாமதம் என்பது. 36 மாதத்துக்கு அந்தத் தடம் அறிக்கையில் தெரியும். இவன் விஷயத்தில் 900 ரூபாய் குறைந்ததால் தவணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்து, கல்விக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனான். அப்பாவின் ஸ்கோர் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

பெற்றோரின் ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020-ல் சொன்னது. கிளை மேஜையில் அதை யார் எடுத்துச் சொல்வது? இன்னொரு பக்கம், 2025-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம், பழைய கடன் பாக்கித் தடத்துக்காக ஸ்டேட் வங்கி ஒருவரின் வேலை நியமனத்தை ரத்து செய்தது சரி என்றது. பாக்கியைக் கட்டி முடித்தும் தடம் விடவில்லை. அவ்வளவு தூரம் பாய்கிற எண் இது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கணக்கில் போடும் பணம் முதலில் தவணைக்குப் போகட்டும், வங்கிக் கட்டணம் அப்புறம். ஒரே தவணைக்கு ஒரு மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் கட்டணம் கூடாது. கடனைக் கட்டவிடாமல் செய்கிற கட்டணத்தால் வங்கிக்கும் லாபமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: தவணைக் கணக்கையும் வியாபாரக் கணக்கையும் தனியாக வையுங்கள். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டு யாருக்கும், மச்சானே ஆனாலும், கொடுக்காதீர்கள்; தொகையை வேறு ஆள் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையதே என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தால் வாங்காமல் ஒளியாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கடன் அறிக்கை இலவசம், வாங்கிப் பாருங்கள். தப்பு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் திருத்த வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். வங்கி பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனுக்குப் போங்கள்; விவரம் கேட்க 14448.

கடைசியாக, எழுதியவருக்கு. நீயும் என் மாணவன்தான். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம் உண்டு. அந்தப் பதிவை எடுத்துவிடு. அவனைச் சீட்டில் சேருங்கள். அவனுக்கு ஜாமீன் நான். பென்ஷன் ஒன்றாம் தேதி தவறாமல் வருகிறது.

— உங்கள் கணக்கு வாத்தியார், ஸ்ரீரங்கம்