உடனிருப்பவருக்கான உதவித்தொகையை நிறுத்தக் கூடாது: சங்கத்தின் நிலைப்பாடு

புற்றுநோயாளிகளோடு மருத்துவமனையில் தங்குபவர்களுக்குத் தரப்பட்டுவந்த மாத உதவியை அடுத்த காலாண்டிலிருந்து நிறுத்த நிதி தரும் அறக்கட்டளை முடிவு செய்திருப்பதை உறுப்பினர்கள் அறிவீர்கள். சிகிச்சைதான் காப்பீட்டு அட்டையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதைச் செயற்குழு ஏற்கவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்காவிட்டால் நம்மில் பலர் கீமோவுக்கே வந்திருக்க மாட்டோம். ஆனால் அந்தப் பணம் போவது மருத்துவமனைக்கு. கூட வந்தவரின் சாப்பாட்டுக்கோ வாடகைக்கோ போன கூலிக்கோ அதில் ஒரு பைசா கிடையாது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, பொதுவாக வாரம் 5 நாள், 5 வாரம். அதோடு உள்கதிர்ச் சிகிச்சையும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். தள்ளிப்போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும். தினமும் சில நிமிட வேலை என்பதால் பெரும்பாலும் படுக்கை தருவதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்த பெண் தினமும் ஊருக்குப் போய்வர முடியுமா? கணவர் வராந்தாவில் பாய் விரிக்கிறார். விடியுமுன் கூட்டிப் பெருக்க வருபவர்கள் எழுப்பிவிட, ஃபைலைத் தூக்கிக்கொண்டு டோக்கன் வரிசையில் நிற்கிறார். மனைவிக்கு வயிற்றுப்போக்கு, ஓட்டல் காரம் ஒத்துக்கொள்ளாது என்று குழைந்த சோறும் மோரும் தேடி அலைகிறார். அவருடைய கொத்து வேலைக் கூலி அத்தனை நாளும் போயிற்று. மூன்றாவது வாரத்தில் வட்டிக்கு வாங்குவார்கள். இல்லையென்றால், அறுப்பு முடிந்து வருகிறோம் என்று மூட்டையைக் கட்டுவார்கள். அப்படிப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளுக்கு நாங்கள் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறோம். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் என்று அவர்கள்மீதே பழி விழுகிறது. வெட்கக்கேடு!

இப்படி உதவுவது உலகத்தில் இல்லாத வழக்கமும் அல்ல. காசநோயாளியின் சத்துணவுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்குக் கேரளத்தின் ஆஸ்வாசகிரணம் திட்டம் மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளியோடு துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ரயில்வேக்குப் புரிந்தது அறக்கட்டளைக்கு ஏன் புரியவில்லை?

உதவி தொடர்ந்தால் எல்லாருக்கும் ஒரே தொகையா, கரண்ட் வைக்கும் வாரங்களில் மட்டும் கூடுதலா என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு முன்னுரிமை தருவது, தற்போதைய நிதிநிலையில், பரிசீலிக்கத்தக்கது என்ற அளவில் உடன்படுகிறோம். உதவி பெறுவோர் பட்டியலில் தகுதியில்லாதவர்கள் இருப்பதாகச் சொல்லப்படுவதை அறக்கட்டளை விசாரிக்கட்டும், ஒத்துழைப்போம். அதைச் சாக்காக வைத்து எல்லார் வயிற்றிலும் அடிக்க வேண்டாம்.

குறைந்தபட்சம், இப்போது சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது முடியும்வரை உதவி தொடர வேண்டும். அறக்கட்டளை மறுத்தால், கரண்ட் வைத்துக்கொண்டிருப்பவர்களின் உடனிருப்போருக்குச் சங்க நிதியிலிருந்து முடிந்தவரை தருவோம். கிளைச் செயலாளர்கள் இந்த வாரமே பெயர்ப் பட்டியல் அனுப்புங்கள். பணமில்லை என்று யாரும் பாதியில் ஊருக்குக் கிளம்ப வேண்டாம்; முதலில் கிளைக்குச் சொல்லுங்கள்.