புதிய தலையெழுத்துப் புஸ்தகங்கள்

பணம் சேர்ப்பது எப்படி, வியாபாரத்தில் ஜெயிப்பது எப்படி, ஆண்டவனை நம்பி ஐசுவரியம் அடைவது எப்படி என்பதாகப் போதிக்கும் புஸ்தகங்கள் இப்பொழுது நம் நாட்டில் மழைக்காலத்து ஈசல் போல் பெருகிவிட்டன. முன்பு பஞ்சாங்கமும் பெரிய எழுத்துக் கதைப் புஸ்தகமும் விற்ற இடத்தில் இன்று இவைகள்தான் முன்வரிசையில் நிற்கின்றன. பட்டணத்தில் மாத்திரமல்ல, ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை, தொண்டி போன்ற ஊர்களிலும் இவைகளுக்கு வாசகர்கள் உண்டு. வளைகுடா நாட்டில் பத்து வருஷம் வெயிலில் உழைத்துவிட்டுக் கையில் கொஞ்சம் பணத்தோடு திரும்பி, ஒரு கடை வைக்கலாமா என்று யோசிக்கிறவர் படிக்கிறார். மிளகாய் போட்டு விலை கட்டாமல் நொந்துபோன சம்சாரியின் மகன் படிக்கிறான்.

படிப்பதை நாம் குறை கூறவில்லை. புராணம் படித்துப் பொழுதைக் கொல்லுவதைவிடப் பிழைக்கும் வழியைப் பற்றிப் படிப்பது எவ்வளவோ மேலாகும். ஆனால் நாம் கேட்பது என்னவென்றால், இப்புஸ்தகங்களைப் படித்து முடித்தவர்கள் அவற்றிலிருந்து என்ன பாடத்தை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள் என்பதேயாகும். "நம் மனம் தரித்திரமாயிருப்பதால்தான் நாம் தரித்திரர்களாயிருக்கிறோம், மனத்தில் செல்வத்தை நினைத்துக்கொண்டேயிருந்தால், ஆண்டவன் பேரில் குறையாத விசுவாசம் வைத்தால், செல்வம் வந்தே தீரும்" என்பதுதான் பெரும்பாலோர் கற்றுக்கொண்டு வரும் பாடமாயிருக்கிறது.

தோழர்களே! இதை எங்கேயோ கேட்டாற்போல் இல்லையா? "முன் ஜென்மத்தில் செய்த பாவத்தால் இந்த ஜென்மத்தில் ஏழையாய்ப் பிறந்தாய்" என்று பழைய சாஸ்திரக்காரன் சொன்னான். "நேற்று நினைத்த நினைப்பால் இன்று ஏழையாயிருக்கிறாய்" என்று புதிய சாஸ்திரக்காரன் சொல்லுகிறான். பழையவனும் புதியவனும் ஏழையைப் பார்த்துத்தான் குற்றம் சொல்லுகிறார்களே ஒழிய, அவனுக்குக் கூலி குறைத்தவனையும், வட்டி ஏற்றினவனையும், விலையைக் கீழே தள்ளினவனையும் பார்த்து ஒரு வார்த்தையாவது சொல்லுகிறார்களா? இதைத்தான் நாம் புதிய தலையெழுத்து என்கிறோம்.

நிற்க. இது தமிழர்களுக்குப் புதிய சரக்கல்ல. நம் பக்கத்துத் தொண்டியில் 1922-இல் பிறந்து 1993-இல் மறைந்த எம்.ஆர்.எம். அப்துற்-றஹீம் அவர்கள் 'எண்ணமே வாழ்வு', 'முன்னேறுவது எப்படி' முதலிய புஸ்தகங்களை எழுதித் தமிழ் வாலிபர்களுக்குள் இத்துறையைப் பரப்பியவர். நபிமார்கள் வரலாறும் இஸ்லாமியக் கலைக்களஞ்சியமும் எழுதியவரும் அவரே. அவர் போன்றவர்களின் எழுத்தால் எத்தனையோ வாலிபர்கள் சோம்பலை விட்டெழுந்திருப்பார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. எழுதியவரோடு நமக்கு வழக்கில்லை. எடுத்துக்கொள்ளும் பாடத்தோடுதான் வழக்கு.

அதற்கும் முன்பே இத்துறையில் இறங்கியவர் யார் தெரியுமா? கப்பலோட்டிய வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் 1903-இல் வெளியிட்ட சிறு புஸ்தகத்தைச் சிறைவாசத்தின்போது 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கியவர் அவரே. மனிதனுடைய நினைப்பு எப்படியோ அப்படியே அவன் வாழ்வும் என்பதுதான் அப்புஸ்தகத்தின் சாரம். அந்தச் சாரம் உண்மைதானா என்று சோதிக்க, அதை மொழிபெயர்த்தவருடைய வாழ்க்கையைவிடச் சிறந்த உரைகல் வேறு என்ன வேண்டும்?

1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பமாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதற்குத் தலைவராயிருந்தவர் நம் இராமநாதபுரத்துப் பாண்டித்துரைத் தேவர். ஹிந்து, முஸ்லிம் என்று பாராமல் வியாபாரிகள் பங்கு வாங்கினார்கள். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரே நின்றதோ பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாகவே ஜனங்களை ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது. ஒரு துறைமுகத்தில் நஷ்டப்பட்டால் இன்னும் பல துறைமுகங்களில் ஈடுகட்டிக்கொள்ள அதனிடம் கப்பல்களும் பணமும் இருந்தன. பின்னால் சர்க்காரும் இருந்தது. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார். இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது 40 வருஷம் என்று தீர்ப்பாயிற்று. அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனால் சிறையில் செக்கிழுத்தார். 1912-இன் முடிவில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. கப்பலும் எதிரி கைக்கே போய்விட்டது. வக்கீல் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. பிறகு சில்லறை வியாபாரம் செய்து, கஷ்ட ஜீவனம் நடத்தி, 1936 நவம்பர் 18-ந் தேதி காலமானார்.

மனம்போல வாழ்வு என்பது உண்மையானால், இவருடைய மனத்தில் என்ன குறையைக் கண்டீர்கள் என்று கேட்கின்றோம். தைரியம் குறைவா? விடாமுயற்சி குறைவா? தெய்வ பக்தியாவது குறைவா? சைவப் பற்றுடையவர் அல்லவா அவர்? எதிரிக் கம்பெனியின் முதலாளிகள் இவரைவிட உயர்ந்த எண்ணங்களை எண்ணியா ஜெயித்தார்கள்? மூலதனமும் சட்டமும் போலீசும் அவர்கள் பக்கம் இருந்தன, ஜெயித்தார்கள். இவ்வளவுதான் சங்கதி. செக்கடியில் நின்ற ஒரு மனிதன் மனம் உடைந்துபோகாமலிருக்க அப்புஸ்தகம் உதவியிருக்கலாம், அது நல்லதே. ஆனால் காயத்துக்குப் போடும் மருந்தைக் காயம் ஏற்பட்ட காரணமென்று சொல்லலாமா?

அதே 1908-ஆம் வருஷத்தில், அதே தூத்துக்குடியில், கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கூலி நூற்றுக்கு 50 வீதம் உயர்ந்தது. வாரத்தில் ஒருநாள் ஓய்வும் கிடைத்தது. அந்தத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு "எனக்குக் கூலி உயர்ந்துவிட்டது, உயர்ந்துவிட்டது" என்று ஜெபித்திருந்தால் ஒரு காசாவது உயர்ந்திருக்குமா?

பக்தியால் பணம் வரும் என்பதற்கு நம் பக்கத்துத் தேவகோட்டை, காரைக்குடி நகரத்தார்களை உதாரணம் காட்டுவார்கள். கோயில் கட்டினார்கள், கணக்கில் சாமி பேரை முதலில் எழுதினார்கள், அதனால் செழித்தார்கள் என்பார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். பையனாயிருக்கும்போதே பெட்டியடியில் உட்கார வைத்துக் கணக்குப் பழக்கினார்கள். பங்காளிக்குப் பங்காளி நம்பிக் கடன் கொடுத்தார்கள். ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். கூடினது சாமி முன்னிலையில்தான். ஆனால் வட்டி விகிதத்தைச் சொன்னது சாமியல்ல. சந்தை நிலவரம் தெரிந்த மனிதர்கள் பேசி முடிவு செய்தார்கள்.

பிறகு 1930-இல் உலகமெங்கும் விலை விழுந்தபோது பர்மாவில் நெல் விலையும் விழுந்தது. குடியானவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நகரத்தார் நிலம் 1938-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. அவர்கள் கேட்டது பணம்; கைக்கு வந்தது நிலம். 1942-இல் ஜப்பான் படை வந்தது. கால்நடையாய் ஓடி வந்தவர்கள் எத்தனையோ பேர். 1948-இல் பர்மா சுதந்தரமடைந்த பின் நிலமும் போயிற்று. செழித்தபோது இருந்த அதே சாமிதானே அழிந்தபோதும் இருந்தார்? லாபத்துக்கு மாத்திரம் சாமியைக் காரணம் சொல்லி, நஷ்டத்துக்கு ஜப்பான்காரனைக் காரணம் சொல்லுவது எந்த ஐந்தொகையில் சேரும்?

சீமைப் புஸ்தகங்களின் யோக்கியதையும் இவ்வளவுதான். 1937-இல் வந்த நெப்போலியன் ஹில்லின் 'திங்க் அண்ட் குரோ ரிச்' என்னும் புஸ்தகம், எஃகு முதலாளி கார்னகி தமக்குச் செல்வத்தின் இரகசியத்தைச் சொன்னதாகப் பேசுகிறது. கார்னகியோ 1919-லேயே இறந்துபோனார். கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை. ஆனால் கார்னகியின் செல்வத்திற்கு இரகசியம் ஒன்றும் வேண்டியதில்லை. அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892-இல் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்கள் மேல் தனியார் துப்பாக்கிப் படை ஏவப்பட்டது. பல உயிர்கள் போயின. சங்கம் உடைந்தது. 1901-இல் அவர் கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றார். மனத்தின் சக்தி இதில் எங்கே இருக்கிறது என்று வாசகர்களே தேடிக்கொள்ளட்டும்.

1997-இல் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' எழுதிய ராபர்ட் கியோசாகியின் கம்பெனி ஒன்று, கோர்ட்டு கட்டச் சொன்ன சுமார் 2 கோடி 40 லட்சம் டாலர் சம்பந்தமாக 2012-இல் திவாலாயிற்று. திவாலானது கம்பெனிதான், அவரல்ல. கம்பெனியின் கடன் முதலாளியின் வீட்டு வாசலுக்கு வராதபடி சட்டம் வேலி போட்டிருக்கிறது. அவர் வாழ்க்கையிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டானால் அதுதான். சம்சாரத்தின் நகையை அடகு வைத்து, வீட்டுப் பத்திரத்தையும் கொடுத்துக் கடை வைக்கிற ஆர்.எஸ்.மங்கலத்துக்காரருக்கு அந்த வேலி எங்கே? "துணிந்து இறங்கு" என்கிற வார்த்தை இருவருக்கும் ஒன்றுதான். விழுந்தால் படும் அடி ஒன்றா?

"என்ன சொன்னாலும், நம்பினவர்கள் ஜெயித்திருக்கிறார்களே!" என்று சிலர் கேட்கலாம். கடற்கரை ஜனங்களுக்கு நன்றாய் விளங்கக்கூடிய பழைய கிரேக்கக் கதை ஒன்று உண்டு. புயலில் தெய்வத்தை வேண்டிக்கொண்டு உயிர் தப்பினவர்களுடைய படங்கள் ஒரு கோயிலில் வரிசையாய் மாட்டப்பட்டிருந்தன. அவைகளைக் காட்டி, "இப்பொழுதாவது நம்புகிறாயா?" என்று தியாகோரஸ் என்னும் நாத்திகரைக் கேட்டார்களாம். "வேண்டிக்கொண்டும் முழுகிப்போனவர்களுடைய படங்கள் எங்கே?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது ரயிலோடு போனவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் வேண்டிக்கொள்ளாதவர் யார் இருந்திருப்பார்கள்? வெற்றிப் புஸ்தகங்களும் அந்தக் கோயில் சுவரைப் போன்றவைதான். கரை சேர்ந்தவன் புஸ்தகம் எழுதுகிறான், முழுகினவன் எழுதுவதில்லை.

இந்தப் பாடத்தால் வரும் கேடு வெறும் பேச்சோடு நின்றால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். நம்பிக்கையே மூலதனம் என்று பழகின மனத்தை ஏமாற்றுவது மிகச் சுலபம். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் ஸ்தாபனம், "வட்டி பாவம், இது வட்டியல்ல, மார்க்கம் அனுமதித்த லாபப் பங்கு" என்று சொல்லி ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பை வாங்கியது. 2019 ஜூனில் அது இடிந்து விழுந்தது. இது ஒரு மதத்துக்கு மாத்திரம் உரிய வியாதியல்ல. அட்சய திருதியையன்று பொன் வாங்கினால் பெருகும் என்கிறார்கள். அன்று பெருகுவது கடைக்காரர் கல்லாவேயாகும். காணிக்கையை விதையாகப் போட்டால் நூறு மடங்காய்த் திரும்பும் என்று பிரசங்கிகள் சொல்லுகிறார்கள். அறுவடை செய்கிறவர் பிரசங்கியார்தான். பணம் போனபின் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில் தயாராயிருக்கிறது: "உன் விசுவாசம் போதவில்லை." ஏமாந்தவனையே குற்றவாளியாக்கும் இந்தப் பதிலைவிடப் பெரிய அக்கிரமம் வேறு உண்டா?

அப்படியானால் தன்னம்பிக்கை வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் தன்னம்பிக்கை என்பது தன் கையையும் அறிவையும் நம்பி ஒரு காரியத்தில் இறங்குவது. நினைத்தால் நடக்கும் என்பது தன்னம்பிக்கையல்ல, மந்திரம். புஸ்தகத்தில் வரவு செலவு எழுதச் சொன்னால் எழுதுங்கள். வீண் செலவை, கல்யாண ஆடம்பரத்தை, கடன் வாங்கிச் செய்யும் சடங்கை நிறுத்தச் சொன்னால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் ஒவ்வொரு வெற்றிக் கதையையும் படித்து முடித்தவுடன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவனுக்கு முதல் பணம் எங்கிருந்து வந்தது? நஷ்டம் வந்திருந்தால் அதைச் சுமந்திருப்பவன் யார்? இதையே செய்து தோற்றவர்கள் எத்தனை பேர்? இம்மூன்றுக்கும் பதில் இல்லாத புஸ்தகம் எவ்வளவு விலை போட்டிருந்தாலும் அது புராணமேயாகும்.

ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தூர தேசத்து உதாரணம் வேண்டியதில்லை. "நாரை பறக்காத 48 மடை" என்று பேர் வாங்கிய கண்மாய் உங்கள் ஊரில் இருக்கிறது. அந்தக் கரை யாருடைய நல்லெண்ணத்தாலும் எழும்பவில்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடை கூடையாய் மண் சுமந்து எழும்பிற்று. கரையில் உட்கார்ந்து தண்ணீரை நினைத்தால் கண்மாய் நிறையாது. வரத்துக்கால் தூர் வாரப்படவேண்டும், ஆக்கிரமிப்பு நீங்கவேண்டும், மடை மராமத்தாக வேண்டும், பழுதாகிக் கிடந்தால் ஊர் கூடிப் போய் அதிகாரிகளைக் கேட்கவேண்டும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேரால் வரும் லாபம் பாடுபட்டவன் வீட்டுக்குப் போகிறதா, இடையிலே நிற்கிறதா என்பதும், விலை ஏறும்வரை மிளகாயை வைத்திருக்க அவனுக்கு இடமும் கடனும் உண்டா என்பதும், தனி மனிதன் நினைப்பால் தீரும் விஷயங்களல்ல. கூடிக் கேட்டுத் தீர்க்கவேண்டிய விஷயங்கள்.

ஆகவே வாலிபர்களே! புஸ்தகம் படியுங்கள், தாராளமாய்ப் படியுங்கள். ஆனால் உங்கள் ஏழ்மைக்கு உங்கள் மனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எந்தப் புஸ்தகத்தையும், அது சமஸ்கிருதத்தில் இருந்தாலும் சரி, இங்கிலீஷில் இருந்தாலும் சரி, தமிழில் இருந்தாலும் சரி, சாட்சி இல்லாமல் நம்பாதீர்கள். முதலில் கணக்கைக் கேளுங்கள்.