பளபளப்பு டப்பாவில் இல்லை

பழைய கார் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரே உபதேசம்தான் கிடைக்கிறது. "சார், என்.சி. பெயிண்ட்ல எல்லாம் பளபளப்பு வராது. டூ-கே வாங்குங்க, மேல கிளியர் அடிங்க, கண்ணாடி மாதிரி இருக்கும். வீட்டுலயே அடிச்சிடலாம்." கடைக்காரரும் சொல்கிறார், செல்போனில் வீடியோ போடும் பையன்களும் சொல்கிறார்கள். இதில் முதல் வாக்கியம் தவறு. கடைசி வாக்கியம் ஆபத்து. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டூ-கே என்பது பெயிண்டோடு ஹார்டனரையும் கலந்து அடிப்பது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பும் பனிமூட்டம் போன்ற தூவலில் அதுவும் மிதக்கும். சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை ஆகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். கெடுதல் செய்யும் அளவை மூக்கால் கண்டுபிடிக்கவும் முடியாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடியும், தூவலை உறிஞ்சி வடிகட்டும் தனி அறையும் இருக்கிற இடத்தில் அடிக்க வேண்டிய சரக்கு அது. போர்ட்டிகோவில், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மாடியில் பேரன் படித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கிற சரக்கு அல்ல. விற்கிறவர் இதைச் சொல்லி விற்க வேண்டாமா?

டூ-கே மட்டமான பெயிண்ட் என்று நான் சொல்லவில்லை. வெயிலைத் தாங்கும், பெட்ரோல் சிந்தினாலும் அசையாது. தினமும் ஓடுகிற வண்டிக்கு நல்ல பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் ஹெரால்டுக்கும் பியட்டுக்கும் அது எதற்கு?

என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ். 1920களில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி 'டியூகோ' என்ற பெயரில் இதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. நம் ஊரில் இன்னும் 'டியூகோ அடிக்கிறது' என்று பேசுகிறோமே, அது அங்கிருந்து வந்த பெயர்தான். தின்னர் ஆவியாகிப் போனதும் பெயிண்ட் காய்ந்துவிடும். ஹார்டனர் கிடையாது. இதுவும் பன்னீர் அல்ல. தின்னர் நெடி தலையைச் சுற்றும், தீயும் பிடிக்கும். கரி வடிகட்டி வைத்த முகமூடி, நல்ல காற்றோட்டம், அருகில் அடுப்போ பூஜை விளக்கோ இல்லாத இடம் ஆகிய மூன்றும் கட்டாயம். ஆனாலும் வீட்டில் அடிக்கத் தக்கது இதுதான்.

அப்படியானால் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? பரப்பு மட்டமாக இருந்தால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பும். அவ்வளவுதான் விஷயம். மட்டத்தை உண்டாக்குவது பெயிண்ட் அல்ல, வாட்டர் பேப்பர். பட்டியும் பிரைமரும் போட்ட பிறகு, மேலே கறுப்புப் பெயிண்டை மெல்லப் புகை போல ஊதிவிட்டு, மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடமே பள்ளமாகும். 400-ல் ஆரம்பித்து 600-ல் முடித்தால் பிரைமர் தயார்.

பழைய பெயிண்ட் எனாமலாக இருந்தால் என்.சி. தின்னர் பட்டதும் சுருங்கிக் கிளம்பும். மறைவான இடத்தில் தின்னர் தொட்ட துணியை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய மெழுகு பாலிஷ் ஒட்டியிருந்தால் மீன்கண் போலக் குழி விழும். அதையும் முதலிலேயே துடைத்தெடுக்க வேண்டும்.

கடலோர ஊர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கம்ப்ரஸரைத் தொடவே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பெயிண்ட் பால் போல வெளுத்துவிடும். மாசி, பங்குனியில் வெயில் ஏறிய முற்பகல் நல்லது. கம்ப்ரஸருக்கும் கன்னுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி இருக்கட்டும். மெல்லிய கோட்டாக ஆறு, ஏழு அடியுங்கள். கெட்டியாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் வழிந்து நிற்கும், இல்லாவிட்டால் ஆரஞ்சுத் தோல் போல ஆகும்.

அடித்து முடித்ததும் பார்த்தால் மங்கலாகத்தான் இருக்கும். "பார்த்தீர்களா, என்.சி.யில் பளபளப்பு இல்லை" என்று கேலி செய்கிறவர்கள் இந்தக் கட்டத்தோடு நின்றவர்கள். மூன்று, நான்கு வாரம் அப்படியே விடுங்கள். பெயிண்ட் இறுகி அமரட்டும். பிறகு 1500, 2000 பேப்பரில் சோப்புத் தண்ணீரோடு தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுக் கையால் இழைக்க வேண்டும். ஓரங்களில் பெயிண்ட் மெலிதாக இருக்கும், அங்கே கை அழுத்தக் கூடாது. அப்போது வரும் மினுமினுப்பை எந்த டப்பாவும் தராது.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய பாடி. பானெட், கதவு, டிக்கி மூடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, படுக்கப்போட்டு வேலை செய்யலாம். வீட்டு வேலைக்கென்றே செய்த வண்டி மாதிரி. அதையும் மொத்தமாகப் பட்டறையில் தள்ளி, நான்கு நாளில் கண்ணாடியாக்கி வாங்கினால், மின்னுவது ஹெரால்டு மாதிரி இருக்காது. பொம்மைக் கார் மாதிரி இருக்கும்.

கடைக்காரரைச் சொல்லி என்ன? நாம் அவசரப்படுவதால்தான் அவர் அவசரத்தை விற்கிறார். பணி ஓய்வு பெற்ற நமக்கு இருக்கிற ஒரே பெரிய சொத்து நேரம். ஒரு பானெட்டுக்கு ஒரு மாதம் கொடுத்தால் குடி முழுகிப் போகாது. நுரையீரலை அப்படிக் கொடுக்க முடியாது, அது ஒரு ஜோடிதான் இருக்கிறது.