சிறு துண்டு உடைந்தால் முழுப் பொருளும் குப்பையா?

பொருள்கள் ஒருபோதும் முழுமையாகப் பழுதடைவதில்லை. அவற்றின் ஏதோ ஒரு சிறு உறுப்பே பழுதடைகிறது. குடையில் ஒரு கம்பி முறிகிறது. தையல் இயந்திரத்தில் ஒரு பட்டி அறுகிறது. மின்விசிறியில் ஒரு புஷ் தேய்கிறது. எஞ்சியவை யாவும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. ஆயினும், அந்தச் சிறு உறுப்பைத் தேடிக் கடைக்குச் செல்பவருக்கு இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. "அது தனியாக வராது, புதிதாகவே வாங்குங்கள்." இந்தப் பதிலை நாம் இயல்பானதென ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டோம். அப்படிப் பழகியது சரிதானா என்பதே என் கேள்வி.

இதனை எழுதத் தூண்டிய விடயம் மிகச் சிறியது. வடமராட்சியில் எனக்குப் பழக்கமான சனசமூக நிலையம் ஒன்றில் இரண்டு ஒலிபெருக்கிகள் உள்ளன. ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்தவர்கள் சேர்ந்து அனுப்பிய அன்பளிப்பு. விளையாட்டுப் போட்டி, வாணி விழா, அஞ்சலிக் கூட்டம், முன்பள்ளிக் கலைவிழா என்று ஊரின் எல்லா நிகழ்வுகளுக்கும் அவையே குரல் கொடுத்து வருகின்றன. அவற்றுள் ஒன்றைத் தாங்கும் முக்காலித் தாங்கியின் கிளாம்ப் வெடித்துவிட்டது. ஒலிபெருக்கிக்கு எந்தக் குறையும் இல்லை. தாங்கியின் மூன்று கால்களும் நலம், குழாய்களும் நலம். கையடக்கமான ஒரு துண்டு மட்டும் உடைந்துவிட்டது. அதைக் கொழும்பில் தேடித் தரும்படி நிலையத்தினர் என்னிடம் கேட்டுக்கொண்டனர்.

இத்தகைய தாங்கியின் அமைப்பு எளிமையானது. கால்களோடு இணைந்த கீழ்க்குழாய் ஒன்று. அதனுள் ஏறி இறங்கும் மேற்குழாய் ஒன்று. கீழ்க்குழாயின் உச்சியில் இருக்கும் கிளாம்ப்தான், கைத்திருகை இறுக்கும்போது மேற்குழாயைப் பற்றிப் பிடிக்கிறது. அதற்கும் மேலான பாதுகாப்பாக, குழாயின் துளையொன்றினூடாகக் குறுக்கே ஓர் ஊசி செருகப்படும். ஒலிபெருக்கிப் பெட்டியின் அடியில் உள்ள குழிக்குள் மேற்குழாயின் நுனி நுழைகிறது. 12 அங்குல ஒலிபெருக்கியொன்று, அதனுள்ளேயே அம்பிளிபயரும் இருந்தால், 15 முதல் 20 கிலோ வரை நிறையுடையது. அந்த நிறையைச் சுமார் இரண்டு மீற்றர் உயரத்தில் நிறுத்தி வைப்பது அந்தக் கிளாம்பும் ஊசியும்தான்.

ஊசியைத் தொலைத்துவிட்டு, அதன் வேலையையும் கைத்திருகே செய்யட்டும் என்று பலம்கொண்ட மட்டும் முறுக்குவதுதான் பெரும்பாலான கிளாம்புகள் வெடிப்பதற்குக் காரணம். வெடித்ததை ஒட்டவும் முடிவதில்லை. பிளாஸ்ரிக் கிளாம்பைப் பசை தாங்காது. வார்த்த அலுமினியமாயின், இரும்புக் கதவு ஒட்டும் சாதாரண வெல்டிங் அதற்கு உதவாது.

கொழும்பு புறக்கோட்டையில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம், "முழு ஸ்டாண்டையும் எடுங்க" என்பதே பதிலாக இருந்தது. தாங்கியைத் தயாரித்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவ்வுறுப்பு தனியாக விற்பனைக்கு இல்லை என்றும், தமது புதிய தாங்கியைப் பரிசீலிக்கலாம் என்றும் பணிவான பதில் வந்தது. ஒரு புதுத் தாங்கி வாங்குவது உலகம் புரளும் செலவல்ல என்று சிலர் சொல்லக்கூடும். அங்கத்தவர் சந்தாவில் மின்கட்டணம் செலுத்தும் ஒரு நிலையத்துக்கு அது சிறிய செலவுமல்ல.

ஈற்றில் அந்தத் துண்டு கொழும்பிலும் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்தும் வரவில்லை. பக்கத்து ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரின் கொட்டகையிலேயே கிடைத்தது. கால் முறிந்த பழைய தாங்கியொன்றை அவர் எறியாமல் வைத்திருந்தார். வேணியர் இடுக்கிமானியால் இரண்டு குழாய்களின் வெளிவிட்டத்தையும் அளந்து பார்த்தபோது பொருந்தியது. "எறிஞ்சுபோட்டுத் தேடக்கூடாது ஐயா, தேடிப்பார்த்துப்போட்டு எறியலாம்" என்றார் அவர். நுகர்வோர் கருத்தரங்குகள் பலவற்றுக்குச் செய்தியாளனாகச் சென்றிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக எவரும் அங்கே பேசியதாக நினைவில்லை.

ஆனால், அந்தப் பொருத்தம் தற்செயலானது என்பதை மறந்துவிடலாகாது. ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் நுழையும் மேற்குழாயின் நுனி பெரும்பாலான நாடுகளில் 35 மில்லிமீற்றர் விட்டமுடையது. அமெரிக்கச் சந்தையில் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர் குழாய்களும் உள்ளன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு மெல்லிய உறை நிரப்பிவிடும். ஆகவே பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் ஒலிபெருக்கியையும் எந்த நிறுவனத்தின் தாங்கியிலும் ஏற்ற முடிகிறது. பெட்டியை விற்பதற்கு இந்தப் பொது அளவு தேவையாக இருந்தமையால் நிறுவனங்கள் அதனைப் பேணின. ஆனால் கீழ்க்குழாயின் விட்டம், கிளாம்பின் வடிவம், கைத்திருகின் புரி என்று வரும்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியிலேயே செல்கிறது. விற்பனைக்கு உதவும் இடத்தில் பொது அளவு உண்டு. திருத்துவதற்கு உதவும் இடத்தில் இல்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பொது அளவு என்பது பொறியியலாளர்களின் சொந்த விவகாரமல்ல. 1904 பெப்ரவரியில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரம் தீப்பற்றி எரிந்தபோது வொஷிங்டன், பிலடெல்பியா, நியூயோர்க் ஆகிய நகரங்களிலிருந்து தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தனர். அவர்களில் பலருடைய குழாய்களின் இணைப்புகள் பால்ட்டிமோரின் நீர்க்குழாய் வாய்களுக்குப் பொருந்தவில்லை. தண்ணீர் இருந்தது, ஆட்கள் இருந்தனர், புரி பொருந்தவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

திருகாணிப் புரிகளுக்குப் பொது அளவு வேண்டுமென்று பிரித்தானியப் பொறியியலாளர் ஜோசப் விட்வேர்த் 1841 இலேயே முன்மொழிந்துவிட்டார். அவர் புரியின் கோணத்தை 55 பாகையாக வகுத்தார். 1864 இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்வைத்தார். இந்த 5 பாகை வித்தியாசத்தால் இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் இயந்திரங்களுக்கே ஒன்றின் ஆணி மற்றதற்குப் பொருந்தாத நிலை ஏற்பட்டது. 1948 இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் ஒரு பொதுப் புரிக்கு உடன்பட்டன. அதன் மிச்சசொச்சத்தை நமது மேடைகளில் இன்றும் காணலாம். ஒலிவாங்கித் தாங்கியின் நுனி அமெரிக்க வழக்கில் 5/8 அங்குலம், ஐரோப்பிய வழக்கில் 3/8 அங்குலம். கனடாவிலிருந்து ஒருவரும் லண்டனிலிருந்து இன்னொருவரும் அனுப்பிய பொருள்கள் ஒரே மேடையில் சந்திக்கும்போது, நாணயமளவான ஓர் இடைச்சுரை இல்லாமல் நிகழ்ச்சி தாமதிப்பதை அறியாதவர்கள் நம்மில் குறைவு.

உதிரிப்பாகம் கிடைக்காதபோது நடப்பது என்ன? ஒன்றில் முழுப் பொருளும் மூலைக்குப் போகிறது. அல்லது சைக்கிள் ரியூப்பால் சுற்றி, கட்டுக்கம்பியால் வரிந்து, அதே தாங்கி மீண்டும் மேடையோரத்தில் நிறுத்தப்படுகிறது. இந்த இரண்டாவது வழி ஆபத்தானது. முன்பள்ளிக் கலைவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே அமர்ந்திருப்பவர்கள் ஐந்து வயதுக் குழந்தைகள். அவர்களின் தலைக்கு மேலே 20 கிலோ நிறை கட்டுக்கம்பியின் நம்பிக்கையில் நிற்கிறது. எனவே, உதிரிப்பாகம் பற்றிய பேச்சைச் சிக்கனம் பற்றிய பேச்சாக மட்டும் சுருக்கிவிடக்கூடாது. அது பாதுகாப்புப் பற்றிய பேச்சும்கூட.

திருத்திப் பயன்படுத்துவது நமக்குப் புதிதல்ல. 1970 இலிருந்து 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பழையதைப் பேணத் தெரிந்தவரே பிழைத்தார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மின்கலம் கிடைக்காத வானொலிகள் சைக்கிள் டைனமோவில் பாடின. அந்த நாட்களைப் பெருமைக்காக மீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது திணிக்கப்பட்ட துன்பம். ஆனால் அத்துன்பத்தினூடே வளர்ந்த ஒரு கைத்திறன் இருந்தது. அதேபோல, 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரையான ஐந்து ஆண்டுகளும் நாட்டின் வீதிகளில் பழைய வாகனங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் இல்லாவிடில் அது சாத்தியமாகியிராது. கைத்திறன் இன்றும் நம்மிடம் உண்டு. ஆனால் பாகம் இல்லாத இடத்தில் கைத்திறன் என்ன செய்யும்?

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. நூறு விதத் தாங்கிகளுக்கு நூறு விதக் கிளாம்புகளை வாங்கி வைத்து, ஆண்டுக்கொன்று விற்றால் அவர் முதலிழந்து போவார். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நூறு விதங்களை உண்டாக்கியவர் அவரல்லவே. சைக்கிளைப் பாருங்கள். எந்தச் சந்தியிலும் அதன் சில்லுக்கம்பியும் செயினும் பிறேக் கட்டையும் கிடைக்கின்றன. காரணம், பல நிறுவனங்களின் சைக்கிள்களுக்கு அதே பாகம் பொருந்துகிறது. விதங்கள் குறைந்தால் சிறு கடையிலும் பாகம் இருக்கும்.

உலகின் சில அரசுகள் இதனை உணரத் தொடங்கியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 இலிருந்து குளிர்சாதனப் பெட்டிகளின் பாகங்களைக் குறைந்தது 7 ஆண்டுகளுக்கும், சலவை இயந்திரங்களின் பாகங்களைக் குறைந்தது 10 ஆண்டுகளுக்கும் வழங்கவேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அதே ஆண்டில் பிரான்ஸ், சில மின்சாதனங்களின் மீது அவற்றைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பதற்கான புள்ளியைப் பொறிக்கவேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்தியது. திருத்துவதற்கான உரிமை பற்றிய ஐரோப்பியப் பணிப்புரை 2024 இல் நிறைவேறியது. இந்தியாவும் 2022 இல் இதற்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. இவை பெரும்பாலும் பெரிய மின்சாதனங்களையும் கைத்தொலைபேசிகளையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஒலிபெருக்கித் தாங்கி போன்ற எளிய பொருள்கள் அவற்றின் கண்ணில் படவில்லை. எளிய பொருளில்தான் எளிய மக்களின் பணம் முடங்கிக் கிடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இயங்குகிறது. பொருள்களின் மீது குறிக்கப்படவேண்டிய விபரங்கள் தொடர்பாகப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. விலையையும் காலாவதித் திகதியையும் பொறிக்கச் செய்ததைப்போல, நீண்டகாலப் பாவனைப் பொருள்களில் "இதன் உதிரிப்பாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும், எங்கே கிடைக்கும்" என்ற இரண்டு வரிகளையும் பொறிக்கச் செய்யலாம். 'கிடைக்காது' என்று எழுதவேண்டி வந்தாலும் பரவாயில்லை. வாங்குபவர் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் இதனை உரிமையோடு கூற விரும்புகிறேன். ஊருக்கு ஒலிபெருக்கியோ, அச்சு இயந்திரமோ, நீர்ப்பம்பியோ அனுப்பும்போது, அதன் பாகங்கள் தனியாக விற்கப்படுகின்றனவா என்று வாங்கும் கடையிலேயே கேளுங்கள். பாக இலக்கம் தரும் நிறுவனத்தின் பொருள் சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். ஒரு கிளாம்ப், இரண்டு கைத்திருகு, நான்கு ஊசிகள் ஆகியவற்றைச் சிறு பையிலிட்டுப் பெட்டியோடு சேர்த்து அனுப்புங்கள். நமது அன்பளிப்புகளில் பெயர்ப்பலகை இல்லாதது அரிது. கைத்திருகொன்றில் பெயர் பொறிக்க இடமில்லைதான். ஆனால் பத்து ஆண்டுகளின் பின்னரும் அந்த ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்கும் கடமை உண்டு. பொருள் வந்த அன்றே அதன் மாதிரி இலக்கத்தையும் குழாய்களின் விட்டத்தையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஊசியைக் கயிற்றால் தாங்கியோடு கட்டி வையுங்கள். உடைந்த தாங்கியை இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுப்பதற்கு முன்னர், அதன் நல்ல உறுப்புகளைக் கழற்றி எடுங்கள். ஒரு பிரதேசத்தின் சனசமூக நிலையங்கள் எல்லாம் சேர்ந்து இத்தகைய பழைய பாகங்களை ஓரிடத்தில் திரட்டி வைத்தால், அதற்குச் செலவு ஓர் அலுமாரி மட்டுமே.

ஒரு பொருளை நமக்கு விற்றவர், அதன் சிறு உறுப்பை விற்க மறுக்கிறார் என்றால், அந்தப் பொருள் முழுமையாக நமக்கு விற்கப்படவில்லை என்றே பொருள். பணம் கொடுப்பதற்கு முன்னர், பாகம் கிடைக்குமா என்ற அந்த ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினால், பதிலை வைத்திருக்கும் கடைகளும் தாமாகவே தோன்றும்.