ரிவர்ஸ் எடுக்கும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது!

அமெரிக்காவில் டிராக்டர்-டிரெய்லர் என்றால் வயல் உழுகிற சமாச்சாரம் இல்லை. முன்னால் இன்ஜினோடு இருக்கும் வண்டிக்குத்தான் அங்கே டிராக்டர் என்று பெயர். அதன் பின்னால் 53 அடி நீளப் பெட்டியை மாட்டினால் மொத்தம் ஏறக்குறைய 70 அடி வந்துவிடும். இதை நெடுஞ்சாலையில் நேராக ஓட்டிப்போவதைப் புது டிரைவர்கள் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள். கதை ஆரம்பிப்பது கிடங்கு வாசலில்தான். ஏற்கெனவே நிற்கும் இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி. அந்த 53 அடியை அதற்குள் பின்பக்கமாகத் தள்ளிப்போய், சரக்கு இறக்கும் மேடையோடு ஒட்ட நிறுத்த வேண்டும்.

கார் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கஷ்டமே கார் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்திருப்பதுதான்! காரில் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் பின்பக்கம் இடது போகும். இங்கே டிராக்டரின் பின்பக்கம் இடது போகும்போது டிரெய்லரின் முன்பக்கத்தையும் கூடவே இடது பக்கம் தள்ளுகிறது. அதனால் டிரெய்லரின் வால் வலது பக்கம் போகிறது. (ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள், கை எந்தப் பக்கம் போகிறதோ வால் அந்தப் பக்கம் போகும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல வித்தை.)

அதோடு முடியவில்லை. முன்னால் போகும்போது டிரெய்லர் தானாகவே நேராகிவிடும். பின்னால் போகும்போது நேர்மாறு, சின்னக் கோணம் தானாகவே பெரிதாகிக்கொண்டே போகும். சரியான நேரத்தில் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காவிட்டால் வண்டி மடக்குக்கத்தி மாதிரி மடங்கி நிற்கும். டிரெய்லர் வேறு தாமதமாகத்தான் பதில் சொல்லும். புதியவர் ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் திருப்புவார், பிறகு எல்லாம் சேர்ந்து நடக்கும். டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடது பக்கம் வளைத்து ரிவர்ஸ் எடுத்தால் ஜன்னல் வழியே தலையை நீட்டியாவது வாலைப் பார்க்கலாம். வலது பக்கம் வளைத்தால் வாலும் அது போகும் இடமும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். 'குருட்டுப் பக்கம்' என்றுதான் அதற்குப் பெயரே.

இது புத்தகத்தில் படித்து வருகிற வித்தை இல்லை. நூறு முறை தப்பாகச் செய்து, நூற்றியோராவது முறை கை தானாகத் திரும்ப வேண்டும். அந்த நூறு முறைக்கு ஆகும் நேரம் யாருடைய செலவு? பேச வேண்டிய விஷயம் இதுதான்.

2016 மார்ச்சில் மத்திய அரசின் போக்குவரத்துத் துறை ஒரு வரைவு விதியைக் கொண்டுவந்தது. இந்த வகை லைசென்ஸுக்குக் குறைந்தது 30 மணி நேரமாவது ஸ்டியரிங் பிடித்துப் பழக வேண்டும் என்று அதில் இருந்தது. அதே வருடம் டிசம்பரில் இறுதி விதி வந்தபோது அந்த 30 மணி நேரத்தைக் காணோம். 2022 பிப்ரவரி 7-ல் அமலுக்கு வந்த விதியில், பயிற்றுநர் 'இவருக்குத் திறமை வந்துவிட்டது' என்று சான்று கொடுத்தால் போதும். ஒருவர் சீக்கிரம் கற்பார், ஒருவர் மெதுவாகக் கற்பார், எல்லோருக்கும் ஒரே மணிக்கணக்கு எதற்கு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபீஸ் வாங்கும் இடமே சான்றும் கொடுக்கிறது. ஒரு மாணவன் சீக்கிரம் வெளியே போனால் அடுத்தவனுக்கு இடம் காலியாகும். கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு மாநிலத் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது கூம்புகள் நட்ட சமதளத் திடலில் நடப்பது. எட்டரை அடி அகல வண்டியை 12 அடி அகலப் பாதையில் 100 அடி நேராகப் பின்னால் எடுக்க வேண்டும், அதோடு இன்னும் சில பயிற்சிகள். வேடிக்கை என்னவென்றால், பின்னால் என்ன இருக்கிறது என்று இறங்கிப்போய்ப் பார், முடிந்தால் ஓர் உதவியாளரை வைத்துக்கொள் என்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பல மாநிலங்கள் வருடக்கணக்காகப் பயன்படுத்திய கையேட்டின் தேர்வுப் பகுதியிலோ, இறங்கிப் பார்ப்பதற்கு எண்ணிக்கை உண்டு! நேராக எடுப்பதற்கு ஒரு முறை, மற்றவற்றுக்கு இரண்டு முறை. அதிகம் பார்த்தால் மார்க் போகும்.

லைசென்ஸ் வாங்கியதும் கம்பெனி சில வாரம் ஒரு பழைய டிரைவரோடு அனுப்பும். அவருக்கும் அவசரம். 'நீ நகரு, நான் போடுகிறேன்' என்று அவரே போட்டுவிட்டால் சீடன் ஆயிரம் மைல் ஓட்டியும் நாலு முறைகூட ரிவர்ஸ் எடுத்திருக்க மாட்டான்.

ஏன் இந்த அவசரம்? நீண்டதூர டிரைவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். கிடங்கு வாசலில் முக்கால் மணி நேரம் முன்னே பின்னே போய் வந்தால் ஓடிய தூரம் சில நூறு அடி, வருமானம் பூஜ்யம். மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் டிரைவர்களுக்கு ஓவர்டைம் தர வேண்டியதில்லை என்று 1938-ம் வருடத் தொழிலாளர் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, அது இன்னமும் நிற்கிறது. போதாததற்குக் கடிகாரம். வேலையை ஆரம்பித்து 14 மணி நேரம் ஆகிவிட்டால் (சில விலக்குகள் தவிர) அதற்கு மேல் ஓட்டக் கூடாது. 2017 டிசம்பரிலிருந்து இதை மின்னணுக் கருவி பதிவு செய்கிறது. களைப்பில் ஓட்டுவதைத் தடுக்கும் நல்ல விதிதான். ஆனால் 13-வது மணி நேரத்தில், இருட்டில், ஒரே ஒரு இடம் காலியாக இருக்கும் லாரி நிறுத்தத்துக்குள் நுழையும் புதியவரைப் பொறுமையாக ரிவர்ஸ் எடு என்றால் எப்படி எடுப்பார்? பக்கத்து வண்டியின் கண்ணாடி உடைந்தால் அது அவருடைய வேலை வரலாற்றில் ஏறும். நாலு பேர் செல்போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டுச் சிரிப்பார்கள். இறங்கி வந்து 'இன்னும் வா, நிறுத்து' என்று கை காட்டுபவர்களும் உண்டு, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மணிக்கணக்கில் கொடுத்தால் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்கள் என்பது முதலாளிகள் பக்கத்து வாதம். நெடுஞ்சாலைக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் ரிவர்ஸில் மெதுவாகப் போவதுதானே வேண்டும்! கிடங்கு வாசலைத் தொட்ட நிமிடத்திலிருந்து மணிக்கூலி என்று வைத்தால், உடைகிற கண்ணாடிகளில் மிச்சமாகும் பணமே அதில் ஒரு பங்கைக் கட்டிவிடும்.

இன்னொரு வழியும் கண்ணெதிரே இருக்கிறது. பெரிய கிடங்குகளின் வளாகத்துக்குள்ளேயே டிரெய்லர்களை இழுத்து மேடையில் போடுவதற்கென்று தனி டிரைவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க அவர்களுக்கு ரிவர்ஸ்தான் வேலை, பெரும்பாலும் மணிக்கூலி. அவர்கள் ஓட்டும் டிராக்டர் குட்டையானது, திரும்புவது சுலபம், அதனால் அப்படியே அச்சாக அதே பாடம் கிடைக்காது. ஆனாலும் லைசென்ஸ் வாங்கிய கையோடு ஒருவரை நேராக நெடுஞ்சாலைக்கு அனுப்பாமல், அந்த வளாகத்தில் சம்பளத்தோடு ஒரு மாதம் விட்டால், பல புதியவர்கள் ஒரு வருடத்தில் எடுக்கும் ரிவர்ஸை அவர் அங்கேயே எடுத்துவிடுவார், அதுவும் பகல் வெளிச்சத்தில், கை காட்ட ஓர் ஆள் பக்கத்தில் நிற்க.