கைநாட்டுக் காலம் மீண்டும் வரலாமா?



பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோருக்குக் கைநாட்டு என்பது இன்னதென விளக்க வேண்டுவதில்லை. சம்பள நாளன்று ஆபீசு வாசலில் வரிசை நிற்கும். கிராணியார் பேரேட்டைத் திருப்பிப் பெயரைக் கூப்பிடுவார். நம் பாட்டனோ பாட்டியோ கட்டைவிரலை மையில் ஒற்றி, அவர் காட்டிய இடத்தில் பதித்துவிட்டுக் கொடுத்ததை வாங்கி முடிந்துகொண்டு லயத்திற்குத் திரும்புவர். அத்தாளில் எழுதியிருந்தது யாதென அவர்கள் அறியார். கிராணியார் நல்லவராயின் கணக்கும் நல்லதாயிருக்கும். அல்லராயின், அதைத் தட்டிக் கேட்க எழுத்து வேண்டும், எழுத்தோ இல்லை. தம் பிள்ளைகளேனும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும் என்னும் ஏக்கத்திலேதான் அவர்கள் நம்மைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினர்.

அந்தக் கட்டைவிரல் இப்பொழுது வேறொரு வடிவில் திரும்பி வந்திருக்கின்றது. கைப்பேசியைத் திறக்க விரலை வைக்கிறோம். வங்கியின் செயலிக்குள் நுழைய விரலை வைக்கிறோம். பணம் அனுப்ப ஒப்புதல் கேட்டால் அதற்கும் ஒரு விரல் தொடுகை போதும். மை மட்டுந்தான் இல்லை. என்ன எழுதியிருக்கின்றது என்று படிக்காமல் தொடுவோர் எத்தனை பேர் என்பதை அவரவர் வீட்டிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இதனை எழுத முற்பட்டமைக்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு.

என் பெரியப்பா ஏறத்தாழ முப்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு, இரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்த பின், ஈப்போவுக்கு அருகில் மகன் வாங்கிய தாமான் வீட்டில் வாழ்ந்து வருகிறார். 2021ஆம் ஆண்டில் ஒருநாள் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் தன்னைக் காவல்துறை அதிகாரி என்றான். பெரியப்பாவின் முழுப்பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் பிழையறச் சொன்னான். அவர் வங்கிக் கணக்கு ஒரு குற்றத்தில் சம்பந்தப்பட்டிருக்கின்றது, ஒத்துழைக்காவிடில் இன்றே கைது, வீட்டில் எவரிடமும் மூச்சு விடலாகாது என்றான். வங்கி அட்டை எண்ணையும் இரகசிய எண்ணையும் கேட்டான், அவர் சொன்னார். சற்று நேரத்தில் குறுஞ்செய்தியில் ஆறு இலக்கங்கள் வந்தன. அவற்றையும் கேட்டான். அவற்றையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். சேமநிதிப் பணத்தில் எஞ்சியிருந்த பதினோராயிரம் வெள்ளி அன்று மாலைக்குள் போயிற்று.

பின்னர் நான் அவரிடம் சினந்துதான் கேட்டேன்: "ஏன் பெரியப்பா அந்த நம்பரைச் சொன்னீங்க?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்ன விடை இன்றளவும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. "ஒவ்வொரு தடவையும் பேரன் கேப்பான், 'தாத்தா, நம்பர் வந்துச்சா, படிங்க'ன்னு. நானும் படிப்பேன். பேரன் கேட்டா சொல்றவன், போலீசு கேட்டா சொல்லமாட்டேன்னா சொல்லுவேன்?"

இதற்கு நான் என்ன மறுமொழி கூறுவது? மின்கட்டணம் செலுத்துவதும் கைப்பேசிக்குப் பணம் ஏற்றுவதும் அனைத்தும் அப்பேரப்பிள்ளையின் கையால் நடந்தன. நல்ல பிள்ளை, அன்பால் செய்தான். ஆயினும் அந்த அன்பு ஈராண்டுகளாகப் பெரியப்பாவுக்குக் கற்பித்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: எண் வந்தால் கேட்பவரிடம் படித்துச் சொல்ல வேண்டும். திருடன் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. நாம் பழக்கி வைத்திருந்ததைப் பயன்படுத்திக்கொண்டான், அவ்வளவே.

முதியோருக்காகக் கைப்பேசி வேலைகளை நாமே செய்து கொடுப்பது உதவியன்று என்பதே என் துணிபு. அவர்களே செய்வதற்கு நாம் அருகிலிருந்து கற்பித்தலே உதவியாகும். இதைச் சொன்னவுடன், "படிக்காதவர்களுக்கு இதெல்லாம் விளங்குமா?" என்பார் சிலர். அவர்களுக்குச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்களை நினைவூட்ட விரும்புகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடும் வேலையும் இழந்து நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அவர் தோட்டந்தோறும் சென்று, பங்கு என்றால் என்ன, மாதம் 10 வெள்ளி சேர்ந்தால் என்னவாகும் என்று தமிழில் எடுத்துரைத்தார். கைநாட்டு வைத்த அதே மக்கள்தாம் அதைப் புரிந்துகொண்டு பணம் சேர்த்தனர். அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. கூட்டுறவுப் பங்கு விளங்கியவர்களுக்கு ஆறிலக்க எண் விளங்காதா? பொறுமையாகச் சொல்வார் இல்லை என்பதுதான் குறை. வங்கியின் குறுஞ்செய்தி பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வருகின்றது. அதைத் தமிழாக்கிச் சொல்ல நம் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவனுக்கு முடியும்.

அந்த எண்ணைப் பற்றிச் சிறிது கூறுவேன். 'டேக்' என்றும் 'ஓ.டி.பி.' என்றும் வழங்கப்படும் அவ்வாறு இலக்கங்கள் ஒரே ஒரு முறை திறக்கும் சாவி. ஒரு குறிப்பிட்ட பணமாற்றத்திற்காக மட்டுமே வங்கி அதை அனுப்புகின்றது. செய்தியில் எண் மட்டும் இராது. எவ்வளவு பணம், எதற்காக என்பதும், எவரிடமும் பகிரவேண்டா என்னும் எச்சரிக்கையும் இருக்கும். திருடன் எண்ணை மட்டும் படிக்கச் சொல்வான். செய்தி முழுவதையும் வாசித்தால் தன் வேடம் கலைந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு அதனினும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. அதன் பின் பல வங்கிகள் தம் செயலிக்குள்ளேயே ஒப்புதல் பெறத் தொடங்கின. நல்ல மாற்றந்தான். ஆனால் எண்ணைத் திருடனிடம் சொல்வதற்குப் பதிலாக, அவன் சொல்லும்போது 'ஒப்புதல்' பொத்தானைத் தொட்டுவிட்டால் விளைவு ஒன்றே. என்ன எழுதியிருக்கின்றது என்று படித்த பின்னரே விரல் வைக்கும் பழக்கம் வராதவரை எந்தக் கருவியும் நம்மைக் காவாது.

இரகசிய எண்ணைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 2017 சூலை முதல் நம் நாட்டில் வங்கி அட்டைக்குக் கையெழுத்துப் போய், ஆறிலக்க இரகசிய எண் கட்டாயமாயிற்று. ஆறு இலக்கங்களைக் கொண்டு பத்து இலட்சம் எண்களை அமைக்கலாம். மூன்று முறை தவறினால் அட்டை முடங்கும் என்பதால், பத்து இலட்சத்தில் ஒன்றைக் கண்டுபிடிப்பது அரிது. ஆனால் நம்மவர் பலர் வைப்பது பிறந்த நாளை! நூறாண்டுகளின் நாட்கள் அனைத்தையும் கூட்டினாலும் ஏறத்தாழ 36,500தான். அதைக்கூட எவனும் தேட வேண்டியதில்லை. நம் அடையாளக் கார்டின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு, பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்தவருக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். கார்டின் நகலை நாம் எத்தனை அலுவலகங்களில் கொடுத்திருக்கிறோம்! பிறரைக் குறை சொல்லும் நானே என் தாயாரின் அட்டைக்கு அவர் பிறந்த நாளை வைத்துக் கொடுத்தவன். "மறக்காது பாருங்க அம்மா" என்று பெருமையாகவும் சொன்னேன். சென்ற தீபாவளிக்குத்தான் மாற்றினேன்.

அழைப்பவன் நம் பெயரையும் கார்டு எண்ணையும் சொல்லிவிட்டால் அவன் மெய்யான அதிகாரி என்று மயங்குவது பெரும் பிழை. 2017 அக்டோபரில் வெளிவந்த செய்தி ஒன்றை நினைவிற் கொள்ளுக. நம் நாட்டில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களுக்குரிய விவரங்கள் திருடப்பட்டு வெளியே உலவுவது அப்போது தெரியவந்தது. அன்றைய மக்கள்தொகையோ ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம். ஆகவே அவ்விவரங்களை அறிந்திருத்தல் அதிகாரத்திற்குச் சான்றாகாது. காவல்துறையோ நீதிமன்றமோ தொலைபேசியில் இரகசிய எண்ணைக் கேட்பதில்லை. ஐயம் எழுந்தால் தொடர்பைத் துண்டித்துவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்திற்கு நேரே நடந்து செல்லலாம். பணம் செலுத்தச் சொல்லும் வங்கிக் கணக்கு எண் மோசடிப் புகாரில் சிக்கியதா என்று காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் பார்க்கவும் வழியுண்டு.

இன்னொரு வலை திருமண அழைப்பிதழ் வடிவில் வருகின்றது. நம் சமுதாயத்தில் அழைப்பிதழைத் திறவாமல் விடுவோர் யார்? வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். அதன் பெயர் 'ஏ.பி.கே.' என்னும் மூன்றெழுத்தில் முடிந்திருந்தால் அது அழைப்பிதழன்று, ஒரு செயலி. அதை நிறுவினால் நம் குறுஞ்செய்திகளை நமக்கு முன்னே வேறொருவன் படிப்பான். மலிவாக வீடு துடைத்துத் தருவதாக வரும் விளம்பரங்களிலும் இதே சூது உண்டு. செயலி வேண்டுமாயின் கைப்பேசியோடு வந்த அங்காடியிலிருந்தே எடுக்க வேண்டும். மாணவர்களே, தோழமைக்கு அடையாளமாக விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லைப் பகிர்வதும் வேண்டா. தாத்தாவின் கைப்பேசியில் உங்கள் விரலையும் பதிவு செய்து வைத்திருப்பீர்களாயின், அதை இன்றே நீக்கிவிடுக.

மீண்டும் பெரியப்பாவிடம் வருகிறேன். பணத்தை இழந்ததினும் எனக்கு வேதனை தந்தது மற்றொன்று. மூன்று நாட்கள் அவர் எவரிடமும் சொல்லவில்லை. பல்வலி என்று சொல்லிச் சோறுண்ணாமல் படுத்திருந்தார். 'கிழவன் ஏமாந்தான்' என்று பேசுவார்களே என்ற வெட்கம். பணமோ ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றிற்கு நிமிடங்களில் தாவுவது. உடனே தெரிவித்தால் வழியில் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. மூன்று நாள் கழிந்தபின் வெறுங்கணக்கே மிஞ்சும். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 997 என்ற எண்ணுடன் 2022 அக்டோபரில்தான் தொடங்கப்பட்டது. அவருக்கு அப்போது அது இல்லை. நமக்கு இருக்கின்றது. ஆயினும் வீட்டில் ஏளனம் இருக்குமாயின் அந்த எண்ணை அழைக்க எந்த முதியவரும் துணியார். சினந்து கேட்ட என் கேள்விக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். வரும் ஆண்டுக் கூட்டத்தில் தேநீருக்கு முன் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டன்மாரும் பாட்டிமாரும் கைப்பேசியோடு வரட்டும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொருவர் அருகில் அமர்ந்து, வங்கிச் செய்தி ஒன்றைத் தமிழில் சொல்லிக் காட்டி, பிறந்த நாள் அல்லாத வேறு எண் ஒன்றை எவரும் பாராமல் எப்படி மாற்றுவதென்று காட்டட்டும். செலவு ஏதுமில்லை. என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன், வருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: கைப்பேசி அவர் கையிலேயே இருக்குமாம், பேரப்பிள்ளைகள் வாயால் மட்டும் சொல்ல வேண்டுமாம்.