கிணத்து நீச்சலும் 25 மீட்டரும்

எனக்கு நீச்சல் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

நாமக்கல் பக்கம் எங்க ஊர்ல, முதுகுல காலி எண்ணெய் கேனைக் கட்டி மாமா கிணத்துல தள்ளிவிட்டுக் கத்துக்கிட்டது. ரெண்டே வாரத்துல கேனைக் கழட்டியாச்சு. மோட்டார் ரூம் மேல ஏறிக் குதிக்கிற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டேன். அந்த மிதப்புலதான் சென்னையில ஒரு நீச்சல் குளத்துல பணம் கட்டிச் சேர்ந்தேன். 25 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கறேன், பக்கத்து லேன்ல அறுபது வயசைத் தாண்டின ஒருத்தர், தொப்பையும் உண்டு, போறார் வர்றார் போறார் வர்றார். நிக்கவே இல்லை.

கோச் மேலே நின்னுக்கிட்டு சத்தம் போட்டார். "ஸ்டாமினா இல்ல சார் உங்களுக்கு. காலை இன்னும் வேகமா அடிங்க. தினம் பத்து லேப் போட்டா தானா வந்துரும்." நானும் மூணு மாசம் அடிச்சேன். கழுத்து வலிதான் வந்துச்சு :-)

இந்த "இன்னும் வேகமா அடிங்க" அட்வைஸ், வயசு வந்தப்புறம் ஃப்ரீஸ்டைல் கத்துக்கறவங்களுக்குத் தப்பான அட்வைஸ். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கோட் மெதுவா ஓடுதுன்னா எடுத்த உடனே இன்னொரு சர்வர் வாங்க மாட்டோம். எங்க நேரம் போகுதுன்னு முதல்ல பார்ப்போம். நீச்சல்ல அது எங்க போகுது? தண்ணி காத்தை விட சுமார் 800 மடங்கு அடர்த்தி. வேகத்தை ரெண்டு மடங்காக்கினா எதிர்ப்பு நாலு மடங்காகும். அதனால பலத்தைக் கூட்டறதை விட எதிர்ப்பைக் குறைக்கறதுதான் லாபம். நம்ம உடம்புல நெஞ்சுக்குள்ள காத்து இருக்கு, அது மிதக்கும். இடுப்புக்குக் கீழே கனம், அது முங்கும். இதுல தலையை வேற மேலே தூக்கினா கால் இன்னும் கீழே போயிடும். அப்புறம் நாம நீந்தறது இல்லை, சாய்ஞ்ச பலகையைத் தண்ணிக்குள்ள தள்ளிக்கிட்டுப் போறோம். காலை எவ்வளவு அடிச்சாலும் முக்கால்வாசி அந்தப் பலகைக்கே செலவு.

சரி, தலையை ஏன் தூக்கறேன்? யோசிச்சப்போ ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நான் ஏழாவது படிக்கும்போது பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் கிணத்துல போயிட்டான். அன்னிக்கு சாயந்திரம் அம்மா என்னைப் பிடிச்சு வெச்சு சொன்னாங்க, "தலை எப்பவும் தண்ணிக்கு மேலேயே இருக்கணும், கேட்டியா?" கிணத்துக்கு அது சரியான பேச்சு. சுவர், மோட்டார் பைப், மேலே இருந்து குதிக்கிறவன் எல்லாத்தையும் பார்த்தாகணும். ஆனா ஃப்ரீஸ்டைல் கேக்கறது நேர் எதிர். முகத்தை உள்ளே விட்டு, அடியில இருக்கற டைல்ஸைப் பார்த்துக்கிட்டே போகணும். 28 வயசுலயும் என் கழுத்து அம்மா பேச்சைத்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பத்து லேப் போட்டா இந்தப் பயம் போகாது, அந்தப் பழக்கம் இன்னும் இறுகும்.

அடுத்தது மூச்சு. முகம் உள்ளே இருக்கும்போது மூச்சைப் பிடிச்சு வெச்சிருந்தேன். தலையைத் திருப்பற அரை செகண்டுல விடவும் இழுக்கவும் பார்த்தா எப்படி நடக்கும்? மூச்சு முட்டற மாதிரி இருக்கறதுக்கு முக்கியக் காரணம் ரத்தத்துல சேர்ற கரியமில வாயு. அதை வெளியே விடாம, ஸ்டாமினா இல்லைன்னு நானும் நம்பினேன், கோச்சும் நம்பினார்.

தொப்பைக்காரர்தான் ஒருநாள் சொன்னார். "தம்பி, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் எத்தனை கை போடறீங்கன்னு எண்ணிப் பாருங்க." எண்ணினேன், 34. அவருக்கு 20.

லேப் போடறதை நிறுத்தினேன். ரெண்டு வாரம் ஆழம் கம்மியான இடத்துல சுவரைப் பிடிச்சுக்கிட்டு, முகத்தை விட்டு, மூக்காலும் வாயாலும் குமிழி விட்டு, பக்கவாட்டுல திரும்பி இழுக்கற வேலை மட்டும். பக்கத்துல ஆறு வயசு வாண்டுகள் சிரிச்சதுங்க. பரவாயில்லை. அப்புறம் ஒரு கையை நீட்டி, ஒருக்களிச்சுப் படுத்து, கால் மட்டும் அடிச்சுப் போறது. கால் முட்டியில இருந்து சைக்கிள் மிதிக்காம இடுப்புல இருந்து அசையணும், கணுக்கால் தளர்வா இருக்கணும். மூச்சுக்குத் தலையைத் தூக்காம உடம்போட உருட்டணும், ஒரு பக்கக் கண்ணாடி தண்ணியிலயே இருக்கணும். கை தோளுக்கு நேரா இறங்கணும், நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. இழுக்கும்போது முழங்கை மேலேயே இருந்தா முன்னங்கை முழுசும் துடுப்பு.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. 2017ல் இறந்த அமெரிக்கப் பயிற்சியாளர் டெர்ரி லாஃப்லின் 'டோட்டல் இம்மெர்ஷன்'ங்கற பேர்ல வயசு வந்தவங்களுக்கு இந்த வழியிலதான் சொல்லிக்கொடுத்தார். முதல்ல சமநிலை, பலமெல்லாம் அப்புறம். போட்டிக்குப் போறவங்களுக்கு, அதுவும் 50, 100 மீட்டர்காரங்களுக்கு, வேகமான கால் கட்டாயம் வேணும், மறுக்கலை. கோச்சையும் முழுசா குறை சொல்ல முடியாது. முக்கால் மணி நேரத்துல இருபது பேரை மேய்க்கணும். சின்ன வயசுலயே தண்ணியில விளையாடி வளர்ந்தவருக்கு, தண்ணிக்குள்ள முகம் வைக்கவே பயப்படற கழுத்து புரியாது. ஆனா பெரியவங்க பேட்ச்னு தனியாப் பணம் வாங்கறாங்களே, முதல் ரெண்டு வாரமாவது கால் அடிக்கச் சொல்லாம குமிழி விடச் சொல்லலாம் இல்லையா?

இப்போ எனக்கு 22 கை. 400 மீட்டர் நிக்காமப் போறேன், மெதுவாத்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அதே கிணத்துல இறங்கினேன். கண்ணாடி போட்டு, முகத்தை உள்ளே விட்டு, நிதானமா ஒரு சுத்து. மூச்சுக்குத் திரும்பினப்போ மேட்டுல இருந்து அம்மா குரல். "டேய், தலையைத் தூக்குடா!"

தூக்கிட்டேன். அம்மா முன்னாடி டெக்னிக் எல்லாம் செல்லாதுங்க :-)

குளத்துக்குப் போறவங்க நாளைக்கு ஒரு தடவை கையை எண்ணிட்டு வந்து நம்பரைச் சொல்லுங்க.